வெள்ளவத்தையில் கோரம் குறைந்த ஞாயிறு

திருநெல்வேலிக்காரிக்குக் கடல் என்றால் கிழக்கு. திருச்செந்தூரில் அப்படித்தான், அதனால் உலகம் முழுக்க அப்படித்தான் என்று இத்தனை வயதுவரை நம்பியிருந்தேன். கொழும்பில் இறங்கிய மறுநாள் காலை வெள்ளவத்தைக் கடலைப் பார்த்து நின்று கணக்குப் போட்டேன். முகம் கிழக்கு, ஆகவே இடக்கைப் பக்கம் வடக்கு, நான் போகவேண்டிய கொட்டாஞ்சேனையும் வடக்கு. காலி வீதிக்கு வந்து அந்தத் திசையில் போன பஸ்ஸில் துணிச்சலாக ஏறி உட்கார்ந்துவிட்டேன். கொழும்பில் கடல் மேற்கே இருக்கிறது. இந்த எளிய உண்மை இரத்மலானையில் விமானத் தளத்து வேலியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நடத்துநரும் பக்கத்து இருக்கைக்காரரும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். முன் இருக்கையில் இருந்த முஸ்லிம் பெரியவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "வடக்கே போகவேண்டியவர் தெற்கே வந்துவிட்டார், ஆனால் நம் அரசியல்வாதிகளை விட இவர் தேவலை, தப்பென்று தெரிந்ததும் இறங்குகிறார் என்கிறார்கள்." நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

திரும்பி வரும் பஸ்ஸை வழியில் இராணுவக் காவலரணில் நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினால் டயர் பஞ்சர் என்று அர்த்தம். இங்கே எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பேச்சைக்கூட முழுதாக நிறுத்தாமல் இறங்கி வரிசையில் நடந்தார்கள். சிப்பாய் என் கடவுச்சீட்டைப் பார்த்து "மெட்ராஸ்?" என்றான். "திருநெல்வேலி" என்றேன். அப்படி ஓர் ஊர் இருக்கிறதா என்று அவனுக்குச் சந்தேகம்தான், ஆனாலும் விட்டுவிட்டான். எனக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணின் அட்டையை மட்டும் புரட்டிப் புரட்டிப் படித்தார்கள். அவளுக்காகக் காத்திராமல் பஸ் புறப்பட்டுவிட்டது. அது எனக்கு ஆறவே இல்லை.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவள் நான். தெற்காசிய நாடுகளின் ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி, எல்லா நாட்டுப் பிள்ளைகளும் படிக்கக்கூடிய ஒரு சிறிய புத்தகம் எழுதுவதாக ஏற்பாடு. ஆட்சி என்றால் என்ன, அரசியலமைப்பு எதற்கு, அண்டை நாடுகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது, இவ்வளவுதான் பொருள். கூடுமிடம் கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். தங்குவது வெள்ளவத்தையில், சென்னையில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துக்காரி மங்கையின் வீட்டில்.

நான் போய்ச் சேர்வதற்குள் முதல் வாக்கியத்தில் சண்டை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் ஏகமனதாக நிறைவேற வேண்டும் என்பது விதி. "மக்களே அதிகாரத்தின் ஊற்று" என்று ஒருவர் எழுதினார். "எங்கள் நாட்டில் மன்னர் இருக்கிறாரே, அவரை எங்கே வைப்பது?" என்று இன்னொருவர் கேட்டார். மதியம்வரை அந்த ஊற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தேநீர் இடைவேளை மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. மீன் அடைத்த மாலுபாணும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டாவது மாலுபாணுக்கு ஒரே நேரத்தில் கை நீட்டின.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பெரும்பான்மை வாக்கு எடுத்து வேலையைப் பார்ப்போம் என்றேன். மாலைத்தீவிலிருந்து வந்த ஆமினத் என்ற ஆசிரியை மெதுவாகச் சொன்னார்: "உங்கள் ஊர்த் தெரு ஒன்றில் இருக்கும் ஆட்கள்தான் எங்கள் தீவில் மொத்தமே. எண்ணிக்கைதான் முடிவு செய்யும் என்றால் நான் கப்பல் ஏறியிருக்கவே வேண்டாம்." நான் விடவில்லை. "ஒருத்தர் நினைத்தால் எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்றால் அது ஆட்சியா, ரயிலில் இருக்கிற அபாயச் சங்கிலியா?" என்று கேட்டேன். கைதட்டல் கிடைத்தது. அன்றைக்கு நான் வெகு சந்தோஷமாக வீடு திரும்பினேன், சரியான பஸ்ஸில்.

கொழும்பு எனக்குத் தலைகால் புரியாத குஷியைக் கொடுத்தது. போர் நடக்கிற நாடு, மின்வெட்டு, மூலைக்கு மூலை மணல் மூட்டை. ஆனால் சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிடுகிறவர் கை கழுவாமலே ஒற்றையாட்சியா ஒன்றியமா என்று வாதம் செய்கிறார். பத்திரிகைகளில் நாள்தோறும் புதிய அரசியலமைப்புப் பற்றித்தான் பேச்சு. எங்கள் ஊரில் அரசியலமைப்பு என்றால் தேர்வுக்கு வரும் கேள்வி. இங்கே அது சம்பலைப் போல, சாப்பாட்டோடு வருகிறது.

மங்கை வங்கியில் அதிகாரி, தான் குடியிருக்கும் தொடர்மாடிச் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். எங்கள் தெருவிலும் சங்கம் உண்டு. தலைவர் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பொங்கலுக்குக் கோலப்போட்டி உண்டு. விதி என்று ஒன்று இருப்பதாக யாருக்கும் நினைவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் அப்படியல்ல. நாலு பேர் சேர்ந்து தேங்காய் வாங்கினாலும் முதலில் யாப்பு எழுதிவிடுவார்கள். யாப்பு என்றால் சங்கத்தின் சட்டம். இந்தச் சங்கத்தின் யாப்பு, நான் எழுதிய பாடக் குறிப்புகளை விட நீளம்.

மங்கை வீட்டில் இன்னொரு விருந்தாளியும் இருந்தாள். தயாளினி, மங்கையின் மச்சாளின் மகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில் இருக்கும் கணவனிடம் போவதற்காகக் காத்திருந்தாள். விசா கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை விமானம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் செய்தே ஆகவேண்டிய பொலிஸ் பதிவும் முறையாகச் செய்தாயிற்று. நான் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறவள் என்று கண்டுகொண்டு, சனிக்கிழமை காலை எனக்கென்று தனியாகப் பாண் என்கிற ரொட்டியைச் சுட்டுப் பருப்பும் கட்டச் சம்பலும் வைத்தாள். "கனடாவில தேங்காய் இருக்குமோ ரீச்சர்?" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கேட்பாள். புருஷனைப் பற்றி அவ்வளவு கேட்கவில்லை.

அன்று மாலை மங்கை முகம் வெளுத்து மாடியேறி வந்தாள். "வள்ளி, போன கிழமை அறிவிச்ச பொதுக்கூட்டம் நாளைக்கு. இந்தக் கட்டடத்துக் கணேசலிங்கம் அண்ணை ஒரு பிரேரணை தந்திருக்கிறார்" என்றாள். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களை எந்த வீட்டிலும் வைத்திருக்கக் கூடாது, இருப்பவர்கள் திங்கள் காலைக்குள் போய்விட வேண்டும் என்பது அந்தப் பிரேரணை, எங்கள் ஊர்ப் பேச்சில் தீர்மானம்.

"இவரும் வடக்கிலிருந்து வந்தவர்தானே?" என்றேன்.

"எல்லாரும் அங்கயிருந்து வந்த ஆக்கள்தான். முந்தி வந்தாக்கள், பிந்தி வந்தாக்கள், அவ்வளவுதான் வித்தியாசம். போன சுத்திவளைப்பில ஆமிக்காரர் அவற்ற பொடியனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். வந்திட்டான், ஆனா இன்னும் லைட்டை நிப்பாட்டினா நித்திரை கொள்ளமாட்டான். அவருக்குப் பயம். புது ஆள் இருக்கிற கட்டடத்துக்குத்தான் அடுத்த தரம் வருவாங்கள் எண்டு நினைக்கிறார்."

"தயாளினி நாலு நாள் வேறு எங்காவது இருக்கட்டுமே."

"எங்க? லொட்ஜிலயோ? அங்கதான் முதல்ல வருவாங்கள். தனியப் பொம்பிளைப் பிள்ளை. விசாரணைக்கெண்டு கொண்டுபோனா, வியாழக்கிழமை பிளேன் காத்துக்கொண்டு நிக்குமோ?"

தயாளினி குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "கூட்டத்துக்குத் தேத்தண்ணி நான் போடுறன் அன்ரி" என்று மட்டும் சொன்னாள். செயலாளர் வீட்டிலிருந்துதான் கூட்டத்துக்குத் தேநீர் போகும், அதுவும் வழக்கம்.

ஞாயிறு மாலை மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கதிரைகளைப் போட்டார்கள். கீழே ரயில் பாதை, அதற்கப்பால் மேற்கே இருக்கும் அந்தக் கடல். மனசு கொதித்துக்கொண்டிருந்தபோதும் எனக்குள் ஓர் ஆசிரியை துள்ளிக் குதித்தாள் என்பதை மறைப்பானேன். ஒரு சட்டசபை கூடுவதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

தலைவர் ஹனீபா ஹாஜியார், புடவை வியாபாரி, கீழ் வீட்டுக்காரர். ஆட்களை விரலால் எண்ணினார். மங்கையின் வீட்டு விஷயம் என்பதால் அவளுக்கு வாக்கும் இல்லை, அவளை எண்ணிக்கையில் சேர்ப்பதும் இல்லை. மீதி ஏழு பேர். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இருக்கவேண்டிய ஆட்கள், ஐந்து. பிரேரணைக்கு எதிராக இருவர்தான் என்று மங்கை முன்பே கணக்குச் சொல்லியிருந்தாள். ஒருவர் மேல்மாடி பெரேரா நோனா, ஓய்வுபெற்ற தாதி, கட்டடத்தில் ஒரே சிங்கள வீடு; நோனா என்றால் சிங்களத்தில் அம்மையார். இன்னொருவர் அம்பலவாணர். அவர் யார் பக்கம் என்று சொல்வதே கஷ்டம், எல்லாவற்றுக்கும் எதிரானவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். யாப்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

கணேசலிங்கம் எழுந்து பிரேரணையை வாசித்தார். மருந்துக்கடைக்காரர், மெல்லிய குரல். வழிமொழிந்தவர் யோகம்மா என்ற நடுத்தர வயதுப் பெண். "எங்களுக்கு ஆசையே? பயத்தில சொல்லுறம்" என்று யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். "அண்ணாச்சி, ஒரு வார்த்தை..." என்று தொடங்கியதுதான் தாமதம், அம்பலவாணரின் விரல் உயர்ந்தது.

"தலைவர், ஒழுங்குப் பிரச்சினை! பார்வையாளர் கதைக்கிறதுக்கு யாப்பில இடமில்லை."

"ரீச்சர், இரிங்க" என்றார் ஹாஜியார்.

உட்கார்ந்தேன். நம் பக்கத்து ஆள் என்று நினைத்தவரே வாயை அடைத்தால் வேறு என்ன செய்வது! அந்த மனிதரைப் பிடித்துத் தண்ணீர்த் தாங்கிக்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது. அவரோ ஓயவில்லை. அறிவித்தல் சிங்களத்திலும் இருக்க வேண்டும், பெரேரா நோனாவுக்குத் தமிழ் சரியாக வராது என்றார். ஹாஜியார் முழுவதையும் சிங்களத்தில் சொன்னார். போன கூட்டத்து அறிக்கை ஏற்கப்படவில்லை என்றார். அதை வாசித்து ஏற்றார்கள். தண்ணீர் மோட்டார் திருத்தியது அதில் சரியாக எழுதப்படவில்லை என்றார். யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கக் கூட்டங்கள் இப்படித்தான் நடக்கும், போன வருஷத்து அறிக்கையிலேயே இந்த வருஷத்துக் கூட்டம் முடிந்துவிடும் என்று மங்கை சொல்லிச் சிரித்ததுண்டு. அன்று அவள் சிரிக்கவில்லை. எல்லா ஒழுங்குப் பிரச்சினைகளும் தீர்ந்தன. "சரி, இனி கை தூக்குவோம்" என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்துத் தயாளினி தட்டோடு மேலே வந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டே வந்து கணேசலிங்கத்தின் முன் நின்றாள். தட்டின் ஓரத்தில் தனியாக வைத்திருந்த கோப்பையை எடுத்து, "அங்கிள், இது சீனி போடாதது. உங்களுக்குச் சலரோகம் எண்டு அன்ரி சொன்னவா" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

பெரேரா நோனா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சிங்களத்தில் சொன்னதை மங்கை என் காதில் சொன்னாள்: "வாசித்தது எல்லாம் எனக்கு விளங்கியது. இந்தக் கூட்டத்தில் நான் இல்லை." படியிறங்கிப் போனார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இருந்ததே இரண்டு வாக்கு, அதில் ஒன்று செருப்பை மாட்டிக்கொண்டு போகிறதே!

"நானும் வாறன்" என்றார் அம்பலவாணர். யாப்பை மடித்துப் பையில் வைத்தார். போகிற போக்கில், "தலைவர், ஆக்களை எண்ணிப் பாருங்கோ" என்றார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எண்ணிக்கையில் வெல்ல முடியாதவர்கள் எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டு போகிறார்கள். வகுப்பில் கோரம் என்ற சொல்லைப் பிள்ளைகள் கொட்டாவி விட விட எழுதிப்போட்டிருக்கிறேன், அதன் பயன் இதுவென்று ஒரு நாளும் தோன்றியதில்லை. என் கை என்னையறியாமல் மங்கையின் கையைப் பிடித்தது.

ஹாஜியார் எண்ணினார். "அஞ்சு பேர் ஈக்கிறாங்க. கோரம் ஈக்கி" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் ஓர் ஆள் போனால் போதும். இருந்த ஐவரில் ஒருவர் தலைவர், அவர் எழுந்து போக முடியாது. மற்ற நால்வரும் பிரேரணைக்காரர்கள். கீழே ரயில் ஒன்று தெற்கே அளுத்கமைப் பக்கம் போனது.

கணேசலிங்கம் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து வேட்டியைச் சரி செய்தார். "தலைவர், நான் மருந்து போடுற நேரம்" என்றார். கதிரையைக்கூடத் தள்ளி வைக்கவில்லை. நேரே படிக்குப் போய் இறங்கிவிட்டார்.

"நாலு பேர்" என்றார் ஹாஜியார், அவசர அவசரமாக. "கோரம் இல்ல. கூட்டம் ஒத்திவைப்பு. யாப்புப்படி ஒரு கிழமை அறிவித்தல் குடுக்கணும், அடுத்த ஞாயிறு வெப்போம். அல்ஹம்துலில்லாஹ்." யோகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியாழக்கிழமை அடுத்த ஞாயிறுக்கு முன்னால் வருகிறது என்பது மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை படிக்கட்டில் கணேசலிங்கத்தைக் கண்டேன். ஒதுங்கி வழிவிட்டார். பிறகு அவராகவே நின்றார்.

"ரீச்சர், தான் கொண்டுவந்த பிரேரணையைத் தானே விட்டிட்டு ஓடினவனைப் பற்றி உங்கட புத்தகத்தில என்ன எழுதியிருக்கு?"

"ஏன் அண்ணாச்சி, வாபஸ் வாங்கியிருக்கலாமே?"

"வாங்கலாம். எல்லாருக்கும் முன்னால என்ர வாயால சொல்ல வேணும். வாய் வரயில்லை, கால் வந்தது." அதற்குமேல் அவர் நிற்கவில்லை. இவர்மேல் நேற்று எவ்வளவு கோபப்பட்டேன் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

கொட்டாஞ்சேனையில் புதன்கிழமை கடைசி அமர்வு. நேராக ஆமினத்திடம் போனேன். "அபாயச் சங்கிலியைப் பற்றிக் கேலியாகப் பேசினேன். சங்கிலி இருக்கட்டும், வண்டிக்கு அது வேண்டும்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலைவரை உட்கார்ந்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு பத்தியை எழுதி முடித்தோம். ஆட்சி என்பது எப்படி முடிவெடுப்பது என்பது மட்டுமல்ல, எதை யாராலும் முடிவெடுக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதும்தான் என்று அதில் வரும். மன்னர் உள்ள நாடும் கையெழுத்திட்டது. பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை எனக்கும் விமானம். தயாளினியோடு சேர்ந்தே போவதாக ஏற்பாடு. கீழே ஹாஜியாரின் வேன் நின்றது. தலைவரே சாரதி. முன் இருக்கையில் பெரேரா நோனா, வெள்ளைச் சேலை உடுத்து, நெற்றியில் பவுடரோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இருந்தால் காவலரணில் கேள்வி குறையும் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லத் தேவையும் இல்லை. தயாளினியின் பெட்டியை மாடியிலிருந்து தூக்கி வந்தவர் கணேசலிங்கம். தூக்கி வந்தவர் அப்படியே உள்ளே ஏறிக்கொண்டார். யோகம்மா இடியப்பப் பார்சலோடு வந்து ஏறினார். "வழியில பசிக்குமெல்லே" என்றார். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா அப்படியொன்றும் தூரமில்லை.

கடைசியில் அம்பலவாணர் வந்து எல்லோரையும் ஒருமுறை நோட்டம் விட்டார். ஏறி உட்கார்ந்தார். வேன் காலி வீதிக்குத் திரும்பியதும் அவர் விரல் உயர்ந்தது.

"தலைவர், ஒழுங்குப் பிரச்சினை."

"இப்ப என்ன?" என்றார் ஹாஜியார், வீதியைப் பார்த்தபடி.

"செயலாளரை விட்டு எண்ணினா ஐஞ்சு பேர் இருக்கிறம். கோரம் இருக்கு. கூட்டம் வைக்கலாம்."

மங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தயாளினி மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

கணேசலிங்கம் தொண்டையைச் செருமினார். "ஒரு பிரேரணை. பிள்ளை சுகமாப் போய்ச் சேர வேணும். முன்மொழியிறன்." இந்தத் தடவை வாய் வந்தது.

முன்னாலிருந்து பெரேரா நோனா திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார். அவருக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. யோகம்மா பார்சலோடு சேர்த்துக் கையைத் தூக்கினார். ஹாஜியார் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். நானும் தூக்கினேன், தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்து அம்பலவாணரைப் பயத்தோடு பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மேற்குக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு யாரும் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பவில்லை.